பழுப்பு வளையமும் பீட்ரூட் சாறும்

வேதியியல் பாடம் எடுத்த மாணவர் எவரும் பழுப்பு வளையச் சோதனையை எளிதில் மறந்துவிட முடியாது. கொடுக்கப்பட்ட உப்பின் கரைசலோடு புதிதாகச் செய்த பெரஸ் சல்பேட்டுக் கரைசலைச் சேர்க்கிறோம். சோதனைக் குழாயைச் சற்றே சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவர் வழியே மெல்ல இறக்குகிறோம். இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிற வளையம் ஒன்று தோன்றினால், 'நைட்ரேட்டு உள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். குழாய் கொஞ்சம் ஆடினாலும் வளையம் கலைந்துவிடும் என்பதால், தேர்வாளர் வந்து பார்க்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு.

அந்த வளையம் எதனால் உண்டாகிறது? நைட்ரேட்டு தன்னிடமுள்ள ஆக்சிஜனை இழந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறுகிறது. அவ்வாயு இரும்புடன் இணைந்து பழுப்பு நிறச் சேர்மத்தைத் தருகிறது. பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் இதையொத்த மாற்றம், அமிலப் புட்டியும் சோதனைக் குழாயும் இல்லாமலே, பீட்ரூட்டோ கீரையோ உண்ட ஒவ்வொருவர் உடலிலும் நடைபெறுகிறது. அங்கும் அந்த வாயு ஓர் இரும்பு அணுவைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன் பயனாக இரத்தக் குழாய் விரிகிறது. கொழுப்பு மிகுந்த உணவை உண்டபின் சில மணி நேரம் நம் இரத்தக் குழாய்களுக்கு ஏற்படும் தளர்வுக் குறைவை, நைட்ரேட்டு நிறைந்த காய்ச்சாறு ஓரளவு ஈடுசெய்யக் கூடும் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. அது எவ்வாறு, எவ்வளவு என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிருள்ள குழாய்

இரத்தக் குழாய் என்றதும் தெருவில் பதித்த தண்ணீர்க் குழாயைப் போன்ற ஒன்றையே நம் மனம் கற்பனை செய்கிறது. துரு ஏறி அடைபடுவதுபோல் அதிலும் கொழுப்புப் படிந்து அடைபடுகிறது என்று விளக்கம் சொல்லியும் பழகிவிட்டோம். இது பாதி உண்மையே. தமனியின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் தடிப்புள்ள மெல்லிய படலம் விரிந்துள்ளது. இதனை எண்டோதீலியம் என்பர். நாம் உள்வரிப் படலம் என்று வழங்கலாம். அதற்கு வெளியே வளையம் வளையமாகத் தசை சூழ்ந்திருக்கிறது. தசை தளர்ந்தால் குழாய் விரியும், இறுகினால் குறுகும்.

இப்படலம் வெறும் உறைதான் என்றே நெடுங்காலம் அறிஞர்கள் எண்ணியிருந்தனர். அதன் பெருமையை வெளிக்கொணர்ந்தது ஆய்வகத்தில் நேர்ந்த ஒரு தற்செயல். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் பர்ச்காட், முயலின் பெருந்தமனியைத் துண்டு செய்து மருந்துகளின் விளைவை ஆராய்ந்து வந்தார். அசெட்டைல்கோலின் என்னும் பொருள் உயிருள்ள விலங்கில் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். அவரிடமிருந்த தமனித் துண்டுகளோ அதே பொருளைக் கண்டதும் சுருங்கின. பல ஆண்டுகள் நீடித்த புதிர் இது.

1978-இல் ஒரு நாள், எதிர்பாராத வகையில் துண்டு ஒன்று சுருங்காமல் தளர்ந்தது. காரணத்தைத் துருவித் துருவிப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. தமனியை நீண்ட பட்டையாக வெட்டும்போது அதன் உட்புறம் எதன்மீதோ உராய்ந்து, உள்வரிப் படலம் தேய்ந்து போயிருந்தது. வளையமாக வெட்டியபோது படலம் பிழைத்திருந்தது. படலம் இருந்தால் தளர்ச்சி, இல்லையேல் சுருக்கம்! பர்ச்காட் அத்துடன் நிற்கவில்லை. படலம் நீக்கிய துண்டு ஒன்றையும் படலமுள்ள துண்டு ஒன்றையும் முகத்தோடு முகம் பொருந்த அடுக்கி வைத்தார். இப்போது படலமற்ற துண்டும் தளர்ந்தது. ஆகவே படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து தசையை அடைகிறது என்பது தெளிவாயிற்று. இதனை அவர் 1980-இல் வெளியிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்த அடுக்குச் சோதனையை, நம்மைப் போன்ற கலைக்கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கு இலக்கணமாகவே கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்பது 1980களின் பிற்பகுதியில் உறுதிப்பட்டது. மோட்டார் வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயு என்று மட்டுமே அறியப்பட்டிருந்த ஒன்று உடலின் தூதுவனாகவும் இருப்பதா என்று பலரும் வியந்தனர். 1998-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பர்ச்காட், லூயி இக்னாரோ, பெரீத் முராத் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. 1987-இல் லண்டனில் இவ்வாயுவை நேரடியாக அளந்து காட்டிய குழுவின் தலைவர் சால்வடோர் மொன்காடாவின் பெயர் அதில் இல்லையே என்று குறைப்பட்டுக் கொண்டவர்களும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட்டு வெடி செய்து செல்வம் குவித்தவர் ஆல்பிரட் நோபல். அவருக்கு முதுமையில் நெஞ்சு வலி கண்டபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தும் நைட்ரோகிளிசரினே! விதியின் கேலி என்ற பொருள்பட அவர் 1896-இல் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அம்மருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டே வேலை செய்கிறது என்பதை 1977-இல் காட்டியவர்தான் மேலே சொன்ன முராத். அவருக்கு நோபலின் பெயராலேயே பரிசு கிடைத்தது.

உள்வரிப் படலம் இவ்வாயுவை ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதியின் துணையால் உண்டாக்குகிறது. வாயு மிகச் சிறிய மூலக்கூறாதலால் செல் சுவர்களைத் தடையின்றிக் கடந்து பக்கத்துத் தசைச் செல்லுக்குள் புகுகிறது. அங்கே ஒரு நொதியின் நடுவே, இரத்தச் சிவப்பணுவில் இருப்பதைப் போன்றே, ஹீம் என்னும் வளையத்துக்குள் ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கிறது. வாயு அதனோடு இணைந்ததும் நொதி விழித்துக்கொள்கிறது; தசை தளர்கிறது. வாயுவின் ஆயுளோ சில விநாடிகளே. எனவே படலம் ஓயாமல் அதனை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயைத் தளர்த்துவதோடு, இரத்தத் தட்டுகள் சுவரில் ஒட்டிக் கட்டியாகாமல் காப்பதும் இவ்வாயுவின் பணியாகும்.

விருந்துக்குப் பின்

கொழுப்பு மிகுந்த உணவை உண்ட மூன்று நான்கு மணி நேரத்தில் ஒருவர் இரத்தத்தை எடுத்துத் தெளிய வைத்தால், மேலே நிற்கும் திரவம் பால்போல் வெளுத்துக் காணப்படும். குடலிலிருந்து புறப்பட்ட நுண்ணிய கொழுப்புத் திவலைகளே அந்த வெண்மைக்குக் காரணம். இந்நேரத்தில் உள்வரிப் படலம் என்ன பாடு படுகிறது என்று அறியத்தான் ஓர் எளிய அளவுமுறை உதவியது.

இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையை நாம் அறிவோம். அதனை இறுக்கி ஐந்து நிமிட நேரம் இரத்த ஓட்டத்தை நிறுத்திப் பின்பு சட்டென்று தளர்த்தினால், தேங்கிய வெள்ளம் மதகு திறந்தாற்போல் இரத்தம் பாய்ந்து வருகிறது. அந்தப் பாய்ச்சலின் உராய்வை உணர்ந்து உள்வரிப் படலம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது, கைத்தமனி விரிகிறது. எத்தனை விழுக்காடு விரிந்தது என்பதைக் கேளா ஒலி அலைக் கருவியால் அளக்கலாம். நன்றாக விரிந்தால் படலம் நலமாக உள்ளது என்று பொருள். 1992-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட இம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

1997-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வோகலும் துணைவர்களும் நல்ல உடல்நலமுள்ள பத்துப் பேரை இம்முறையில் சோதித்தனர். ஒரு நாள் 50 கிராம் கொழுப்பு அடங்கிய துரித உணவு கொடுத்தனர். 50 கிராம் என்பது ஏறக்குறைய நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். மற்றொரு நாள் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்தனர். இரண்டுமே 900 கலோரி. கொழுப்பில்லா உணவுக்குப் பின் தமனியின் விரிவில் மாற்றமில்லை. கொழுப்புணவுக்குப் பின்போ, முன்பு 21 விழுக்காடு விரிந்த தமனி சுமார் 11 விழுக்காடே விரிந்தது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் பழைய நிலை திரும்பவில்லை. ஒரே ஒரு வேளை உணவு! அதுவும் நோயற்ற மனிதரிடம்!

காரணம் என்ன? கொழுப்பு வெள்ளத்தைச் சமாளிக்கும்போது சூப்பர் ஆக்சைடு என்னும் வினைமிகு பொருள் மிகுதியாகத் தோன்றி, நைட்ரிக் ஆக்சைடை எதிர்கொண்டு அழித்துவிடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதே ஆண்டில் அதே குழுவினர் உணவுக்கு முன் வைட்டமின் சி-யும் இ-யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது இத்தீங்கு தடுக்கப்பட்டது என்பது இவ்விளக்கத்துக்கு அரணாக அமைகிறது. ஏனெனில் அவையிரண்டும் இத்தகைய வினைமிகு பொருள்களை அடக்குபவை.

'சில மணி நேரத்தில் சரியாகிவிடும் ஒன்றுக்கு இத்தனை கவலை எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூன்று வேளை உண்டு இடையிடையே நொறுக்குத் தீனியும் தின்பவன், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை 'உணவுக்குப் பிந்திய' நிலையிலேயே கழிக்கிறான். தமனி நோய் வெறும் வயிற்றில் வளர்வதன்று, உணவுக்குப் பின்னேதான் வளர்கிறது என்ற கருத்தை டொனால்டு சில்வர்ஸ்மிட் என்பவர் 1979-இலேயே முன்வைத்தார்.

நம் வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் காணப்பட்டது. மருத்துவமனைக்குப் போகும் வயது ஐம்பதாக இருக்கலாம். நோய் குடிபுகும் வயது கல்லூரி வயதே. மேலும், 52 நாடுகளில் நடைபெற்ற ஓர் ஆய்வின்படி, நம் நாட்டையும் அண்டை நாடுகளையும் சேர்ந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. பிற நாட்டவரைவிட இது ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகும்.

நாக்கின் வழியே ஒரு புறவாசல்

இனிப் பீட்ரூட்டுக்கு வருவோம். செடிகள் மண்ணிலிருந்து நைட்ரஜனைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே உறிஞ்சுகின்றன. அதைப் புரதமாக மாற்றுவதற்கு முன் சில செடிகள் இலையிலும் தண்டிலும் வேரிலும் சேமித்து வைக்கின்றன. பீட்ரூட், முள்ளங்கி, லெட்டூஸ், செலரி, மேல்நாட்டார் உண்ணும் ஸ்பினாச்சுக் கீரை முதலியவற்றில் நூறு கிராமுக்கு 250 மில்லிகிராமுக்கு மேலும் நைட்ரேட்டு இருக்கக் கூடும். தக்காளியிலும் வெங்காயத்திலும் மிகக் குறைவு.

உண்ட நைட்ரேட்டு இரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் செறிவாக்கி வாய்க்குள் சுரக்கின்றன. உடல் ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? நைட்ரேட்டை நைட்ரைட்டாகக் குறைக்கும் திறன் நம் செல்களுக்கு ஏறக்குறைய இல்லை. நாக்கின் பின்புறப் பள்ளங்களில் வாழும் பாக்டீரியாக்களுக்கோ அது கைவந்த கலை. அவை நைட்ரேட்டின் ஆக்சிஜனைத் தம் சுவாசத்துக்கு எடுத்துக்கொண்டு நைட்ரைட்டை விட்டுவிடுகின்றன. அந்த நைட்ரைட்டை நாம் உமிழ்நீரோடு விழுங்குகிறோம்.

நைட்ரைட்டு உப்பின்மேல் நீர்த்த அமிலம் பட்டால் பழுப்புப் புகை எழுவதை உப்புப் பகுப்பாய்வில் கண்டிருக்கிறோம். இரைப்பையிலும் அமிலம்தான் இருக்கிறது! அங்கேயே ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாகிறது. எஞ்சியது இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஹீமோகுளோபின் முதலியவற்றின் துணையால் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. உள்வரிப் படலத்தின் நொதி சோர்ந்து கிடந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும். முன்வாசல் அடைபட்டபோது பயன்படும் புறவாசல் எனலாம்.

2008-இல் லண்டனில் நடந்த ஆய்வு இதனை அழகுறக் காட்டியது. நலமுள்ளவர்கள் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த மூன்று மணி நேரத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. பின்னர் உமிழ்நீரை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருக்கச் செய்தபோது, குடித்த சாறு அதேதான், அழுத்தம் இறங்கவில்லை! விளைவு எச்சிலின் வழியே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? சாற்றில் வேறு பொருள்களும் உள்ளனவே என்ற ஐயத்துக்கும் பிற்கால ஆய்வாளர் விடை கண்டனர். நைட்ரேட்டை மட்டும் நீக்கிய, நிறமும் சுவையும் மாறாத சாற்றை ஒரு சாராருக்குக் கொடுத்து ஒப்பிட்டனர். 2015-இல் 68 இரத்த அழுத்த நோயாளிகளிடம் இவ்வாறு நான்கு வாரம் நடத்திய ஆய்வில், நைட்ரேட்டு உள்ள சாற்றை நாள்தோறும் கால் லிட்டர் குடித்தவர்களுக்கே அழுத்தம் குறைந்தது.

கொழுப்புணவையும் பீட்ரூட்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு நெதர்லாந்தின் மாஸ்டிரிக்டுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2013-இல் வெளிவந்தது. உடற்பருமன் சற்று மிகுந்த ஆண்கள் 20 பேர் அதில் பங்கு கொண்டனர். 57 கிராம் அளவு கொழுப்புள்ள உணவோடு ஒரு நாள் 140 மில்லி லிட்டர் பீட்ரூட் சாறும், வேறொரு நாள் நைட்ரேட்டு இல்லாத பானமும் பெற்றனர். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது, வெறும் பானம் குடித்த நாளில் தமனியின் விரிவு ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருந்தது. பீட்ரூட் குடித்த நாளில் அரைப் புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. மேரிலாந்தின் எண்களோடு இவற்றை ஒப்பிடுதல் ஆகாது. ஆட்களும் அளவுமுறையும் வேறு.

இம்முடிவைப் படித்துவிட்டு, வயிறு முட்ட வறுவலைத் தின்று மேலே ஒரு குவளைச் சாறு ஊற்றிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று எவரேனும் எண்ணினால் அது பேதைமை. சாறு இரத்தத்திலுள்ள கொழுப்பைக் கரைக்கவில்லை. குறைந்துபோன வாயுவை வேறு வழியில் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. சோதிக்கப்பட்டவர் 20 பேர், அனைவரும் ஆண்கள், ஒரே ஒரு வேளை. கைத்தமனியின் விரிவை அளந்தார்களே தவிர, மாரடைப்பு குறைந்ததா என்று பார்க்கவில்லை. ஆயினும் இதன் போக்குக்கு இசைவான வேறொரு செய்தி 2021-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், காய்கறி வழியே நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிகிராம் நைட்ரேட்டு பெற்றவர்களிடம் இதய, இரத்தக் குழாய் நோய்கள் குறைவாக இருந்தன. அதற்கு மேல் உண்டவர்களுக்குக் கூடுதல் பயன் தென்படவில்லை. காய்கறி உண்பவர் பிற நற்பழக்கமும் உடையவராக இருக்கலாம் என்பதால் இதனையும் முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆனால் 60 மில்லிகிராம் என்பது ஒரு கைப்பிடிக் கீரை. சாறு பிழியும் பொறிகூட வேண்டியதில்லை!

வாயைக் கிருமியின்றிக் கழுவ வேண்டும் என்ற ஆர்வத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரால் நாள்தோறும் கொப்பளிப்பவர்கள் ஒன்றை அறிதல் நலம். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமுள்ள 19 பேர் ஒரு வாரம் அவ்வாறு கொப்பளித்தனர். உமிழ்நீரில் நைட்ரைட்டு பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. இரத்த அழுத்தமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறியது. ஈறு நோய்க்கு மருத்துவர் சொல்லும் காலம் வரை பயன்படுத்துவது வேறு. வழக்கமாகக் கொள்வது வேறு.

நைட்ரேட்டுக்குத் தீய பெயரும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நைட்ரேட்டு மிகுந்த கிணற்று நீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்தது கண்டறியப்பட்டது. அவர்களின் இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமற் போயிற்று. உர மிகுதியால் கெட்ட கிணறுகள் இன்றும் குழந்தைகளுக்கு ஆகாதவையே. நைட்ரைட்டு சில அமீன்களோடு சேர்ந்து புற்றுநோய்க்குக் காரணமான நைட்ரோசமீன்களைத் தரக்கூடும். நைட்ரைட்டு இட்டுப் பதப்படுத்திய இறைச்சியில் இந்த அச்சம் மெய்யானது. காய்கறியில் உடனுறையும் வைட்டமின் சி இவ்வினையைத் தடுக்கிறது. உலக நல நிறுவனமும் உணவு நிறுவனமும் கூடி அமைத்த குழு, உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் நைட்ரேட்டை நாள் வரம்பாக வைத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 222 மில்லிகிராம். மாஸ்டிரிக்டு ஆய்வில் ஒரே வேளையில் கொடுக்கப்பட்டதோ ஏறக்குறைய 500! ஒரு துறையார் வரம்பு என்பதை மற்றொரு துறையார் மருந்து என்கின்றனர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட்டில் மிகுந்துள்ள ஆக்சலேட்டை நினைவில் கொள்ள வேண்டும். அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் சாறு வைத்தியம் தொடங்கலாகாது.

தாவரவியல் நண்பர்களுக்கு ஒரு செய்தி. நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை யாவும் அமராந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. பெந்தாம், ஹூக்கர் வகைப்பாட்டில் அவற்றின் குடும்பமும் பீட்ரூட்டின் குடும்பமும் அடுத்தடுத்த வீடுகள். இன்றைய வகைப்பாட்டில் ஒரே வீடாகவே இணைக்கப்பட்டுவிட்டன. நைட்ரேட்டைச் சேமிக்கும் பழக்கமும் இக்கீரைகளுக்கு உண்டு. நைட்ரேட்டு நீரில் எளிதில் கரைவது. ஆதலால் கீரையை நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால், அதில் கணிசமான பங்கு சாக்கடைக்குப் போய்விடும். குறைந்த நீரில் வேகவைத்து அந்த நீரோடு கடைந்தால் சட்டியிலேயே தங்கும்.